ஐந்தாவது டெஸ்ட்டும் நாலு கதவும்

"டக்."

காரின் நாலு கதவுகளும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டன. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த நர்ஸ் எதையும் தொடவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த தேர்வு அதிகாரியும் தொடவில்லை. மடியில் இருந்த அட்டையில் அவள் பெயரை எழுத அப்போதுதான் ஆரம்பித்திருந்தார்.

"என்னம்மா சத்தம்?"

"தெரியல சார். நான் இன்னும் வண்டியை எடுக்கவே இல்லை."

நர்ஸுக்கு இது ஐந்தாவது டிரைவிங் டெஸ்ட். முதல் தடவை வண்டி எட்டு முறை ஆஃப் ஆனது. இரண்டாவது தடவை பின்னால் போகச் சொன்னார் அதிகாரி. அவள் முன்னால் போனாள். மூன்றாவது தடவை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, நன்றி சொல்லும் அவசரத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். கார் மெதுவாகப் போய் டெஸ்ட் மைதானத்தின் பெயர்ப்பலகையை முட்டியது. நாலாவது தடவை சீட் பெல்ட் போடும்போதே அழுதுவிட்டாள்.

நாலு தடவையும் இதே அதிகாரிதான். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் பக்கத்தில் இருந்தால் இரண்டு லாரிகளுக்கு நடுவில்கூட ஓட்டிவிடுவாள். யாராவது தனக்கு மார்க் போடுகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் போதும், கை எது கால் எது என்று தெரியாமல் போய்விடும்.

இந்தத் தடவை கட்டாயம் பாஸாகவேண்டும். படுக்கையில் இருக்கும் நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் வேலையை ஆஸ்பத்திரியில் புதிதாக ஆரம்பிக்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் லைசென்ஸ் காட்டுபவருக்குத்தான் அந்த வேலை. ஏழு வருஷமாக ஒரே வார்டில் ஒரே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு அது விடுதலைப் பத்திரம் மாதிரி.

"டக்." கதவுகள் தாமாகத் திறந்துகொண்டன.

அதிகாரியின் புருவம் உயர்ந்தது. இந்த உத்தியோகத்துக்கு வருவதற்கு முன் அவர் பெரிய வொர்க்‌ஷாப் ஒன்றில் எட்டு வருஷம் மெக்கானிக்காக இருந்தவர். வந்த நாளிலிருந்து ஸ்பேனரைத் தொடச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை. கை ஊறிக்கொண்டிருந்தது.

"உங்க கதவு சரியா மூடலை. திறந்து ஓங்கிச் சாத்துங்க."

ஓங்கிச் சாத்தினாள். கண்ணாடி நாலு விரல்கடை கீழே இறங்கியது. "டக்" என்று பூட்டு விழுந்தது.

"அப்ப ஃபியூஸ்."

அவர் குனிந்து டேஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டு ஒரு ஃபியூஸைப் பிடுங்கினார். ஹார்ன் செத்தது. இன்னொன்றைப் பிடுங்கினார். இறங்கிய கண்ணாடி ஏற மறுத்தது. இரண்டையும் திரும்பச் செருகினார். ஹார்ன் உயிர் பெற்று, விடாமல் அலற ஆரம்பித்தது. மைதானத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரி ஹார்ன் ஃபியூஸை மறுபடியும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"டக்."

நர்ஸுக்குத் தன்னை அறியாமல் வார்டுப் பழக்கம் வந்துவிட்டது. "இது எப்பல்லாம் வருது சார்? சும்மா இருக்கும்போதா, நகரும்போதா?"

அதிகாரி அவளை முதல் தடவையாக மரியாதையுடன் பார்த்தார். "நல்ல கேள்வி. நகர்த்துங்க, பாப்போம்."

அவர் பேனாவை மூடிப் பையில் வைத்துவிட்டு, கதவில் காதை வைத்துக்கொண்டார். நர்ஸ் வண்டியை எடுத்தாள். பத்தடி போவதற்குள் "டக்."

"நகரும்போதும் வருது. சரி, அந்த ஏத்தத்துல ஏறி நடுவுல நிறுத்துங்க. வண்டி சாயும்போது ஒயர் இழுபடுதான்னு பாக்கணும்."

ஏற்றத்தில் ஏறி நடுவில் நிறுத்தினாள். ஓர் அங்குலம்கூடப் பின்னால் சறுக்காமல் திரும்ப எடுத்தாள். நாலு டெஸ்ட்டிலும் வராத காரியம் அது. அவள் அதைக் கவனிக்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"நிமிஷத்துக்கு மூணு சார். ஆனா சீரா இல்லை."

"அப்படியே எட்டு போடுங்க. ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திரும்பினா வருதுன்னு தெரியணும்."

எட்டு போட்டாள்.

"இடது பக்கம் திரும்பும்போது வந்துச்சு சார்."

"வலது பக்கமும் வந்த மாதிரி இருந்துச்சே. இன்னொரு தடவை போடுங்க."

இன்னொரு எட்டு. பிறகு ரிவர்ஸ். வேலி ஓரத்தில் மாஸ்டர் கால்சட்டைப் பைகளில் கைவிட்டபடி, தன் கார் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்க்க நர்ஸுக்குப் பாவமாக இருந்தது. பார்த்தது கண்ணாடி வழியாக, பின்னால் போய்க்கொண்டிருக்கும்போது, கோடு விலகாமல்.

"என் பக்கக் கதவுலதான் கோளாறு" என்று தீர்ப்புச் சொன்னார் அதிகாரி. அவருடைய சாவி வளையத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் தொங்கியது. இரண்டு திருகாணிகளைக் கழற்றி, கதவின் உள்பலகையைப் பிடித்து ஓர் இழு இழுத்தார். கிளிப்புகள் பட்பட்டென்று தெறித்தன. ஒன்று அவர் மூக்கில் பட்டது. பலகை மடியில் வந்து விழுந்தது. கூடவே கதவைத் திறக்கும் கைப்பிடியும் தன் கம்பியோடு அவர் கையில் வந்துவிட்டது.

"டக்" என்று பூட்டிக்கொண்டது.

"சார், மாட்டிக்கிட்டோமா?"

"நான் மாட்டிக்கிட்டேன். நீங்க ஓட்டுங்க. ரோட்டுக்கு விடுங்க. வேகத்துல என்ன பண்ணுதுன்னு பாத்துடலாம்."

பலகையைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு அதிகாரி உட்கார்ந்திருக்க, கார் சாலையில் இறங்கியது. ஸ்கூல் வேனுக்கு ஒதுங்கி, பஸ்ஸுக்கு வழிவிட்டு, சிக்னலில் நின்று, ரவுண்டானாவைச் சுற்றினாள். ஒரு சத்தமும் இல்லை. திரும்பி மைதானத்து கேட்டுக்குள் நுழைந்ததும் "டக்."

"ரோட்டுல வரலை. இங்க மட்டும் வருது" என்றார் அதிகாரி.

"அலர்ஜி மாதிரி சார். சில பேருக்கு வீட்டுக்குள்ள நுழைஞ்சாத்தான் தும்மல் வரும்."

"அதேதான். மைதானத்துத் தரை மேடு பள்ளமா இருக்கு. அந்த ஆட்டத்துல ஏதோ ஒண்ணு முட்டுது." அவர் முகத்தில் மெக்கானிக்காக இருந்த நாட்களின் சந்தோஷம் தெரிந்தது. "அந்த ரெண்டு கம்பத்துக்கு நடுவுல நிறுத்துங்க. நிழலா இருக்கு."

இரண்டு கம்பங்களுக்கு நடுவில், ஒரே முயற்சியில், ஓரத்தை ஒட்டி நிறுத்தினாள்.

இறங்குவதுதான் பெரும்பாடாகிவிட்டது. அதிகாரியின் கதவு வெளியிலிருந்து இழுத்தும் திறக்கவில்லை. நர்ஸ் இறங்கிக்கொள்ள, அவர் கியரைத் தாண்டி அவள் சீட் வழியாக ஊர்ந்து வந்தார். பாதி வழியில் ஹேண்ட் பிரேக் அவருடைய பெல்ட்டுக்குள் நுழைந்துகொண்டது. தலை வெளியேயும் கால் உள்ளேயுமாக அப்படியே நின்றுவிட்டார்.

"உடம்பை லூசா விடுங்க சார்" என்றாள் நர்ஸ், அவர் தோள்களுக்கு அடியில் கைகொடுத்து. "மூச்சை இழுத்து விடுங்க. முதல்ல இடுப்பு. அப்புறம் கால். அவசரமே இல்லை."

வரிசையில் இருந்தவர்கள் கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்கள்.

அதிகாரி எழுந்து நின்று, தூசியைத் தட்டி, அட்டையைக் கையில் எடுத்தார். தாளில் அவள் பெயர் பாதிதான் இருந்தது. மற்றதெல்லாம் வெள்ளை.

"டெஸ்ட்டே வைக்கலையேம்மா."

நர்ஸுக்கு வார்டு ஜன்னல் கண்முன் வந்து நின்றது.

அவர் தாளை வாசிக்க ஆரம்பித்தார். "ஏத்தத்துல நிறுத்தி எடுக்கறது." கொஞ்சம் யோசித்தார். "எடுத்தீங்க இல்ல?"

"எடுத்தேன் சார்."

"எட்டு?"

"ரெண்டு தடவை சார்."

"ரிவர்ஸ். ரோடு. பார்க்கிங்." ஒவ்வொன்றுக்கும் காரை ஒரு பார்வை, அவளை ஒரு பார்வை பார்த்து டிக் போட்டார். "ஹார்ன் சரியான நேரத்துல அடிக்கறது. அது பண்ணின மாதிரி இல்லையே."

"ஹார்ன் உங்க பையில இருக்கு சார்."

அவர் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அதற்கும் டிக் போட்டார். கீழே கையெழுத்திட்டுத் தாளை நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"உங்க மாஸ்டர்கிட்ட சொல்லுங்க. நாளைக்கும் இதே வண்டியைத்தான் கொண்டு வரணும். பின் கதவைப் பிரிச்சுப் பாத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

நர்ஸ் ஒரு கையில் தாளும் இன்னொரு கையில் கதவுப் பலகையுமாக வேலி ஓரத்துக்கு ஓடினாள். மாஸ்டர் பக்கத்தில், நாளைக்கு டெஸ்ட்டுக்குப் போகவேண்டிய துணிக்கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். ஆறு தடவை ஃபெயிலானவர். முகம் வெளிறியிருந்தது.

"பாஸ் மாஸ்டர். ஆனா உங்க கார்தான்..." அவள் பலகையை நீட்டினாள். "பூட்டு கெட்டுப்போச்சு. ஹார்ன் இல்லை. ஒரு கதவு திறக்கவே மாட்டேங்குது. நாளைக்குப் பின் கதவையும் பிரிக்கணும்னு சொல்றார். என்னால உங்களுக்கு எவ்வளவு நஷ்டம்."

மாஸ்டர் பலகையை வாங்கி, அதைப் பார்க்கக்கூடச் செய்யாமல் வேலியில் சாய்த்து வைத்தார். அவள் கையில் இருந்த தாளை ஒரு முறை முழுக்கப் படித்தார். பிறகு துணிக்கடைக்காரரின் தோளில் கைபோட்டுச் சொன்னார்:

"நீங்க தைரியமா ஏறி உக்காருங்க அண்ணே, இன்னிக்கு மாதிரியே நாளைக்கும் நான் இங்க நின்னு ரிமோட்டை அமுக்கிக்கிட்டே இருக்கேன்."