சிரித்ததற்கு ஒரு சான்றிதழ்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுவது. நீயும் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் ரத்த அழுத்தமும் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமல் காலம் தள்ளுகிறோம்.

நீ போனில் சத்தம் போட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் அக்கா மகள் விமானப் பணிப்பெண்கள் யூனியனில் சேர்ந்துவிட்டாள். அவளுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்த நீ, அதே கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் தலைகாட்ட முடியாமல் தவிக்கிறாய். "அவ பேரை வாபஸ் வாங்கிக்கிறான்னு உங்க கைப்பட ஒரு லெட்டர் எழுதுங்க அத்தான், நான் மேலிடத்துல காட்டிச் சமாளிச்சுக்கிறேன்" என்றாய். இதோ எழுதிவிட்டேன்: என்னைக் கேட்காமல், விவரம் புரியாமல், யார் பேச்சையோ கேட்டுச் சேர்ந்துவிட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் வாபஸ் வாங்க வைப்பது என் பொறுப்பு.

விவரம் என்ன என்று மேலிடம் கேட்டால் நீ முழிக்கக் கூடாது என்பதற்காக மற்றதையும் எழுதுகிறேன். மாதத்தில் பத்து நாள் அவளுக்கு ஸ்டாண்ட்பை. அதாவது அன்றைக்கு வேலை கிடையாது, ஆனால் கூப்பிட்டால் ஒன்றரை மணி நேரத்தில் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். காலையிலேயே கொண்டை போட்டு, கம்பெனி சொன்ன நிறத்தில் உதட்டுச் சாயம் பூசி, சீருடையில் சோபா நுனியில் கசங்காமல் உட்கார்ந்திருப்பாள். பெட்டி வாசலில் இருக்கும், அதில் இடித்து இடித்து என் கால் சுண்டுவிரல் நிரந்தரமாக வீங்கிவிட்டது. போன் மணி காதில் விழாதென்று மிக்சி ஓடாது, குக்கர் விசில் போடக் கூடாது, டிவியில் எல்லோரும் ஊமையாகப் பேசுவார்கள். அவள் குளிக்கப் போனால் போனைப் பிடித்துக்கொண்டு குளியலறை வாசலில் நான் காவல். "பொண்ணுக்கு வேலை கிடைச்சுதா, இல்ல நம்ம மூணு பேருக்குமா?" என்று உன் அக்கா கேட்பாள். கேட்டுவிட்டு அவளும் மெதுவாகத்தான் இருமுவாள்.

அந்த இருமலும் நெஞ்சு வலியும் முற்றி அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் நீ அறிந்ததுதான். மகள் லீவு கேட்டாள். பணி ஒதுக்கும் அதிகாரி, "ஸ்டாண்ட்பைல வீட்ல தானேம்மா இருக்கீங்க, அதுக்கு எதுக்கு லீவு?" என்றாராம். ஆகவே சீருடையோடு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். வார்டே அவளை ஒரு மாதிரி பார்த்தது. பக்கத்துக் கட்டில் பெரியவர் அவளிடம் ஜன்னல் ஓரமாக மாற்றிவிடச் சொன்னார். எதிர்க் கட்டில் அம்மா இன்னொரு போர்வை கேட்டார். இவளும் பழக்க தோஷத்தில் எழுந்து போய் வாங்கிக் கொடுத்தாள். உன் அக்கா கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

இதற்கு மேல் எழுதப்போவதை இதுவரை உன்னிடம் நான் சொல்லவில்லை. அன்று காலை பத்தரை மணிக்கு மகள் தன் போனை என்னிடம் கொடுத்துவிட்டு மருந்து வாங்கக் கீழே போனாள். போன் அடித்தது. கம்பெனி. முப்பத்தாறு வருஷம் டெஸ்பாட்ச் கிளார்க்காக இருந்தவன் நான், அதிகாரி குரல் கேட்டால் கால் தானாக எழுந்து நிற்கும். நின்றேன். "ரெடி சார், ரெடியா இருக்காங்க சார்" என்றேன். அவர் விமானத்தின் எண்ணைச் சொல்ல, நான் மருந்துச் சீட்டின் பின்னால் குறித்துக்கொண்டு நன்றி வேறு சொன்னேன். அவள் மருந்தோடு வந்ததும் பெருமையாக நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு முடியாதுன்னு சொல்லலாம்னு இருந்தேன்ப்பா" என்றாள். "போயிட்டு வாம்மா, நான் எங்க போயிடப் போறேன்" என்றாள் உன் அக்கா.

மத்தியானம் இரண்டு மணிக்கு உன் அக்கா போய்விட்டாள். நான் உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "வானத்துல இருக்காங்க சார், இறங்கினதும் சொல்லிடறோம்" என்றார்கள். மகள் இறங்கினாள். அவர்கள் சொல்லவில்லை. அங்கே மாற்று ஆள் இல்லையாம், சொன்னால் திரும்பும் விமானம் நின்றுவிடுமாம். அடுத்த மூன்று மணி நேரம் நூற்றெழுபது பேருக்குக் காபியா டீயா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். உனக்கு உடனே லீவு கிடைத்து, தம்பி நீ வந்து சேர்ந்த பிறகும் மகள் வரவில்லையே என்று நீ என்னிடம் கோபப்பட்டாய். இதுதான் காரணம்.

போன மாதம் ஒரு உறை வந்தது. வழுவழுப்பான தாளில் பாராட்டுச் சான்றிதழ். அந்தத் தேதியில், அந்தத் திரும்பும் விமானத்தில், பதினெட்டாம் வரிசைப் பயணி ஒருவர் அவளுடைய மாறாத புன்னகையைப் புகழ்ந்து எழுதியிருந்தாராம். அந்த நேரம் அவள் தாயில்லாப் பெண். அது அந்தப் பயணிக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. கம்பெனிக்குத் தெரியும். கீழே கையெழுத்து உன்னுடையது இல்லை, கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டேன். அந்த மட்டில் உனக்கு நல்ல காலம்.

மறுநாள்தான் அவள் யூனியன் படிவத்தைக் கொண்டுவந்தாள். கொடி பிடிப்பாயா என்று நான் கத்தினேன். "கொடியெல்லாம் இல்லப்பா. தனியா நின்னு முடியாதுன்னு சொன்னா வேலை போயிடும். எல்லாரும் சேர்ந்து சொன்னா, ஒருத்தியையாவது அம்மா பக்கத்துல உட்கார விடுவாங்கல்ல" என்றாள். சின்னப் பெண், தெரியாமல் பேசுகிறாள் என்று நீ மேலிடத்தில் சொல்லிக்கொள்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். நீ நேரத்துக்குச் சாப்பிடு, உங்கள் குடும்பத்துக்கே நெஞ்சு பலவீனம்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டிய பிறகு மனசு கேட்காமல் பிரித்துவிட்டேன். இதை மேலிடத்தில் காட்டாதே. அவள் வாபஸ் வாங்கமாட்டாள், நானும் சொல்லப் போவதில்லை. உன் பேர் கெடுமே என்று அவள் அந்தப் படிவத்தை ஒரு வாரம் தொடாமலேதான் வைத்திருந்தாள். உட்கார்ந்து நிரப்பியவன் நான். அவள் செய்தது கையெழுத்து மட்டும். அதில், சேர விரும்புவதற்கான காரணம் என்று ஒரு வரி காலியாக இருந்தது. உன் அக்கா பெயரை எழுதினேன்.