அப்பாவின் கை தானாக ஆடியது

கூலரிலிருந்து விடுதலை. இந்த மே மாதம் எங்கள் அப்பா எடுத்த சபதம் இதுதான்.

"இந்த வருஷம் கூலரைத் தொட்டேன்னா என் பேரு ஜகந்நாதன் இல்ல!"

அம்மா குளிக்கப் போயிருந்தபோது சொன்னார். அவருடைய எல்லா சபதங்களும் அம்மா குளிக்கும் நேரத்தில் எடுத்தவை.

தில்லிக்காரர்களுக்குக் கூலரை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அது ஓர் இரும்புப் பெட்டி. மூன்று பக்கமும் தட்டி, தட்டிக்குள் புல், அடியில் தண்ணீர், நடுவில் ஹெலிகாப்டர் சத்தம். கோடை வந்ததும் தட்டியில் படிந்த போன வருஷ உப்பைத் தேய்த்து எடுக்க வேண்டும். எங்கள் ஆர்.கே.புரத்துத் தண்ணீர் உப்பைக் கிளப்புவது, அப்பா ஆபீஸில் ஒரு ஃபைலைக் கிளப்புவதைவிடக் கஷ்டம்.

அன்று ஞாயிறு. சாயங்காலம் சபாவில் கச்சேரி. முன் வரிசையில் உட்கார்ந்து தொடையில் படீர் படீர் என்று தாளம் போடுவதுதான் அப்பாவுக்கு உலகத்திலேயே பெரிய சுகம். கூலரைத் தொட்டால் கச்சேரி போச்சு. போன வருஷம் அப்படித்தான் போச்சு.

"சுபிக்ஷா, நீ பயாலஜிதானே? நாம நினைக்காமலே கை கால் தானா அசையுமே, அதுக்கு என்ன வார்த்தை?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"பொது அறிவு."

"ஒரு ப்ளேட் மோமோ."

"அச்சா, வாங்கித் தரேன். ஜல்தி சொல்லு."

"அனிச்சையான அசைவு."

நான் இப்போதுதான் பன்னிரண்டாவது முடித்தேன். பயாலஜியில் சுமார்தான். ஆனால் இந்த வார்த்தை தெரியும். விக்கல் அனிச்சையானது. கண்ணருகே தூசி வந்தால் இமை மூடுவது அனிச்சையானது. நாம் முடிவு செய்யாமல் தசை தானே முடிவு செய்வது. இவ்வளவும் சொன்னேன். அப்பா வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு அர்த்தத்தை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.

அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். அப்பா உடனே வலது கையை வதங்கிய முருங்கைக்காய் மாதிரி தொங்கவிட்டார்.

"சியாமளா, கை தூக்க வரல. நானா தூக்கணும்னு நினைச்சா வரவே மாட்டேங்குது."

"இப்பதானே ரிமோட்டை எடுத்தீங்க?"

"அது அனிச்சையான அசைவு. நான் எடுக்கல. கை எடுத்துச்சு."

"தட்டுல இருந்த வடை?"

"அதுவும் அனிச்சையாதான்."

"சட்னி தொட்டுக்கிட்டா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, அதை அப்படிச் சொல்லக்கூடாது. மூஞ்சிக்கு நேரா பந்து வந்தா கை தூக்கறது அனிச்சை. வடையைச் சட்னில முக்கறது பேராசை."

"வித்த பொருளுக்கு உனக்கென்ன பேச்சு?" என்று என் காதில் சீறினார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "அந்த அனிச்சைன்னா என்னடி?"

கேட்டால் நான் சொல்லிவிடுவேன். அதுதான் என் பழக்கம். முழுசாகச் சொன்னேன். மோமோகூடக் கேட்கவில்லை.

"அப்ப, வேணாம்னு நெனச்சாலும் நிக்காதா?"

"நிக்காதும்மா. விக்கலை நிக்கச் சொன்னா நிக்குமா?"

அம்மா சண்டை போடவில்லை. துண்டைக் கொடியில் போட்டாள்.

"பாவம்ங்க நீங்க. பால்கனில வந்து சும்மா உக்காருங்க."

அப்பா வெற்றி வீரர் மாதிரி போய் உட்கார்ந்தார். அம்மா கூலர் தட்டி ஒன்றைக் கழற்றி அவர் மடியில் சாய்த்தாள். வலது கையில் ப்ரஷ்ஷை வைத்து ஒரு ரப்பர் பேண்டும் போட்டாள்.

"இது எதுக்கு?"

"கை தானா ஆடுமே. காலியா ஆடுவானேன்?"

"இப்பல்லாம் ஆடாது!"

"அது உங்க கையில இல்லையேங்க."

சொல்லிவிட்டு, கச்சேரி நடுவில் மிருதங்கம் மட்டும் தனியாக நெடுநேரம் வாசிப்பார்களே, அந்தத் தனி ஆவர்த்தனத்தைப் போனில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பா பல்லைக் கடித்தார். ஆகாயத்தைப் பார்த்தார். எதிர் ப்ளாக்கின் தண்ணீர்த் தொட்டிகளை எண்ணினார். மிருதங்கம் மெதுவாகத்தான் ஆரம்பித்தது. முதலில் கால் கட்டைவிரல் துடித்தது. பிறகு கழுத்து. வேகம் பிடித்ததும் கண் சொருகிவிட்டது. கை கிளம்பிவிட்டது. சரக், சரக், சரசரக்! உப்பு பறந்தது. "சபாஷ்!" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

பரீட்சையில் அனிச்சையான அசைவுக்கு உதாரணம் கேட்டிருந்தால் இதைத்தான் எழுதியிருப்பேன். பொய்யாகச் சொன்ன நோய் ஒரே மிருதங்கத்தில் நிஜமாகிவிட்டது.

அம்மா சத்தமில்லாமல் வந்து தட்டியை மாற்றினாள். திரும்ப வந்து மறுபடி மாற்றினாள். தனி முடிந்து அப்பா கண் திறந்தபோது மூன்று தட்டிகளும் கல்யாண வீட்டுப் பாத்திரம் மாதிரி மின்னின.

சரி, கூலர்தான் தோற்கடித்தது, கச்சேரியாவது மிச்சம் என்று சாயங்காலம் ஜிப்பா போட்டுக்கொண்டு வந்தார். வாசலில் அம்மா பட்டுப்புடவையில் நின்றாள். பக்கத்தில் எதிர்வீட்டு ப்ரீதா ஆன்ட்டி.

"நீங்க எங்க கிளம்பிட்டீங்க? சபாவுல உங்க கை பாட்டுக்கு அடுத்தவங்க தொடையில தாளம் போட்டா என்ன ஆகறது? உங்க சீட்டுல ப்ரீதா உக்காந்துப்பா."

"இல்ல சியாமளா, இப்ப சரியாயிடுச்சு! இதோ பாரு, நானே தூக்கறேன்!"

வலது கையை மேலே தூக்கிக் காட்டினார்.

"சரியாயிடுச்சா? அப்பாடா! அப்ப புல்லை மாத்தி, தட்டியை மாட்டி, தண்ணியை ரொப்பி வெச்சிடுங்க. வந்ததும் கூலர் போட்டுக்கலாம்."

ஆட்டோ போய்விட்டது. தூக்கிய கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. அப்புறம் புல்லை எடுத்தது.

மறுநாள் காலையில் காலிங் பெல். அப்பா போய்த் திறந்தார். ப்ரீதா ஆன்ட்டி நின்றாள். ஒரு கையில் அவர்கள் வீட்டுக் கூலர் தட்டிகள். இன்னொரு கையில் போன்.

"அண்ணா, கச்சேரி முழுக்க சியாமளா உங்க கையைப் பத்தித்தான் சொன்னாங்க. எங்க வீட்டுதுல உப்பு கொஞ்சம் அதிகம். அதனால நீளமான தனி ஆவர்த்தனமா பார்த்துக் கொண்டாந்திருக்கேன்."

முடியாது என்று சொல்ல அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் ஆன்ட்டி போனைத் தட்டிவிட்டாள். கை ஆரம்பித்துவிட்டது.