பிடித்துக்கொண்ட பிரேக்

கார் கேட்டுக்கு உள்ளே பாதி, வெளியே பாதி என்று நின்றுவிட்டது. முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் வரவில்லை. கிள்ளானில் அந்தச் சந்து, ஒரு குப்பை லோரி மூச்சை அடக்கிக்கொண்டு நுழையும் அகலம்தான். அந்த லோரி இப்போது காருக்குப் பக்கத்தில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"பாஸ்! எடுங்க பாஸ்!"

"போகமாட்டேங்குதுப்பா! பிரேக் பிடிச்சுக்கிச்சு!" என்றார் கமலநாதன், ஸ்டியரிங்கை விடாமல்.

"அப்ப பிரேக்கிலேர்ந்து காலை எடுங்க பாஸ்!"

"காலை எப்பவோ எடுத்துட்டேன்!"

லோரி ஆட்கள் இறங்கி வந்து தள்ளினார்கள். கார் ஒரு கிழட்டு மாடு மாதிரி முனகிக்கொண்டே போர்ச்சுக்குள் போனது.

முந்தின நாள்தான் முன்சக்கரங்களின் பிரேக் பேட்களை அவர் தாமே மாற்றியிருந்தார். வழக்கமாகப் பார்க்கும் ஒர்க்‌ஷாப்காரர் ஊருக்குப் போயிருந்தார். கமலநாதன் ஓய்வு பெற்ற நூலகர். உலகத்தில் எதையும் படித்துச் செய்துவிடலாம் என்று நம்புகிறவர். பிரேக்குக்குப் புத்தகம் கிடைக்கவில்லை, வீடியோ கிடைத்தது.

அந்த வீடியோக்காரருக்கு முகம் இல்லை, கைகள் மட்டும்தான். ஆனால் கனிவான குரல். "சக்கரத்தைக் கழற்றிவிட்டீர்களா?" என்று கேட்டார்.

"கழட்டிட்டேன்" என்றார் கமலநாதன் சத்தமாக.

"அருமை! நன்றாகச் செய்கிறீர்கள்."

கமலநாதனுக்குக் கூச்சமாகிவிட்டது. மனைவி போன பிறகு அந்த வீட்டுக்குள் யாரும் அவரைப் பாராட்டியதில்லை. அந்த இடத்தை இன்னொரு தடவை ஓடவிட்டுக் கேட்டார்.

இவ்வளவு பாடும் மகள் குமுதாவுக்காகத்தான். அவள் பெர்த் நகரிலிருந்து நாத்தனார் கல்யாணத்துக்கு வருகிறாள். மாப்பிள்ளை விமலன் முன்பே வந்து ஸ்ரீ கெம்பாங்கானில் தன் அப்பா வீட்டில் இருந்தான். அவளும் நேரே அங்கேதான் போக வேண்டும். நலங்கு, கல்யாணம், வரவேற்பு, அதோடு திரும்பவும் விமானம்.

"ஏர்போர்ட்லேர்ந்து நான் கிரேப் டாக்சி எடுத்துக்கறேன்பா" என்றிருந்தாள்.

"நான் இருக்கும்போது கிரேப் எதுக்கும்மா?" என்றிருந்தார்.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. கல்யாண மண்டபத்தில், அந்த வீட்டு மருமகளைப் பெற்றவருக்கு மகள் கிடைக்க மாட்டாள். தூரத்தில் பட்டுப்புடவையோடு ஓடிக்கொண்டிருப்பாள், "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்க மாட்டாள். ஏர்போர்ட்டிலிருந்து சம்பந்தி வீட்டு வாசல்வரை காரில் வருகிற நேரம்தான் அவர் பங்கு.

அந்தக் கார்தான் போர்ச்சில் நகர மாட்டேன் என்று நின்றது.

பக்கத்து வீட்டுத் தம்புசாமி வேலிக்கு மேலே தலையை நீட்டினார். அவர் லோரி ஓட்டியவர் அல்ல, லோரி கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர். ஆனாலும் லோரிகளுக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தவர் என்ற கம்பீரம் இருந்தது.

"கிரீஸ் போட்டீங்களா?"

"வீடியோவுல ஏதோ போட்டாரு. என்கிட்ட அது இல்ல."

"அதான் விஷயம்! கிரீஸ் இல்லாம எதுதாண்ணே நகரும்?" என்று சொல்லி, சைக்கிள் செயினுக்குப் போடும் கிரீஸை டின்னோடு கொண்டுவந்தார். கமலநாதன் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் நகரும் கம்பிகளில் எல்லாம் அள்ளி அப்பினார்.

மறுநாள் சக்கரம் இன்னும் இறுகிப்போய்விட்டது. கம்பிகளை மூடியிருந்த ரப்பர் உறைகளைக் கழற்றி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குக் கொண்டுபோனார். கவுண்டரில் இருந்த பெண் ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அங்கிள், இது என்ன, உளுந்த வடையா?"

"ரப்பரும்மா. நேத்து வரைக்கும் ஒல்லியாத்தான் இருந்துச்சு."

"சாதா கிரீஸ் போட்டா ரப்பர் ஊதிடும்லா அங்கிள். யாரு போடச் சொன்னது?"

"லோரி கம்பெனிக்காரர்" என்றார் மரியாதையாக.

புது ரப்பரும் சரியான கிரீஸும் வாங்கி வந்து போட்டார். சக்கரம் சுழன்றது! சந்தோஷத்தில் அவரே ஒரு வேலையைக் கூடுதலாகச் செய்தார். பிரேக் எண்ணெய்க் குப்பியில் கொஞ்சம் குறைவதுபோல் தெரிந்தது. விருந்தாளிக்குத் தேநீர் ஊற்றுவதுபோலத் தளும்பத் தளும்ப நிரப்பினார். வழிந்தது காரின் பக்கவாட்டில் ஒழுகியது. காலையில் பார்த்தால் அந்த இடத்துப் பெயின்ட் அப்பளமாகப் பொரிந்திருந்தது.

பெயின்ட் போனால் போகட்டும் என்று விளையாட்டு மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். வெண்ணெய் மாதிரி போனது. இரண்டாவது சுற்றில் கார் கனத்தது. மூன்றாவது சுற்றில் முன்சக்கரம் புகைந்தது. ஆறிய பிறகு தானாகவே விட்டுக்கொடுத்தது.

"எண்ணெய் சூடாகி விரியுது, மேல இடமில்லாம பிரேக்கை அமுக்குதுபோல" என்றார் தம்புசாமி வேலிக்கு மேலிருந்து. அவர் சொன்னதிலேயே சரியானது அதுதான். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. "பிரேக் போட்டாத்தானே சூடாகும்? போடாம ஓட்டுங்க."

அந்தக் கடைசி யோசனையை மட்டும் கமலநாதன் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். குமுதா வரும் நாள் விடிந்ததும் கிளம்பி, ஹைவேயின் இடது ஓரத்தில் கல்யாண ஊர்வலம்போல ஊர்ந்து போனார். பின்னால் வந்த லோரிகள் ஒவ்வொன்றும் திட்டிவிட்டுக் கடந்தன. டோல் சாவடிக்கு வெகு முன்னாலேயே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, "கடவுளே, தடுப்பைத் தூக்கிடு" என்று வேண்டிக்கொண்டே உருண்டார். தூக்கிவிட்டது.

குமுதா பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "என்னப்பா இப்படி மெலிஞ்சிட்டீங்க?"

"சட்டை பெருசும்மா" என்றார். அதற்குள் கண் கலங்கிவிட்டதால் பெட்டியைத் தூக்கும் சாக்கில் திரும்பிக்கொண்டார்.

கார் கிளம்பியது. என்ன பேசலாம் என்று வாரக்கணக்கில் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று. காது முழுக்க முன்சக்கரத்தில்தான் இருந்தது.

"ஏதோ கருகுற வாசனை வருதேப்பா?"

"பக்கத்துல ஏதோ தொழிற்சாலை இருக்கும்மா."

கொஞ்ச தூரம் போனதும் குமுதா சொன்னாள்: "தொழிற்சாலை நம்ம கூடவே வருதேப்பா."

சாலாக் திங்கியில் ஒரு பெட்ரோல் நிலையத்துக்குள் காரைத் திருப்பினார். சக்கரத்திலிருந்து புகை வந்தது. பதற்றத்தில் பக்கத்து வாளித் தண்ணீரை எடுத்து அதன்மேல் வீசினார். சீறிக்கொண்டு ஆளுயரத்துக்கு ஆவி எழும்பியது. தீ என்று நினைத்த நிலையத்து ஊழியர் அணைப்பானைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, கார், கமலநாதன் இரண்டையும் சேர்த்து அடித்துவிட்டார். வெள்ளைப் பொடியெல்லாம் அடங்கியபோது அவர் உடம்பு முழுக்கத் திருநீறு பூசிய சாமியார்போல நின்றார்.

குமுதா சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து, காற்றடிக்கும் பம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சிரிக்காதம்மா. உன்னைக் கொண்டுபோய்ச் சேக்கணும். கிரேப் கூப்பிடு."

"உங்களை இந்தக் கோலத்துல விட்டுட்டா? இழுக்குற லோரியைக் கூப்பிடுறேன். ரெண்டு பேரும் அதுலயே போயிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனோடு தள்ளிப் போனாள். கொஞ்ச நேரம் பேசினாள். திரும்பி வந்து, "லேட் ஆகுமாம்பா" என்றாள்.

கமலநாதன் சாலையோரத்தில் போய் நின்றுகொண்டார். வருகிற லோரியையெல்லாம் எட்டிப் பார்த்தார். சம்பந்தியம்மா போன் செய்தார். குமுதா, "டிராஃபிக் ஜேம் அத்தை, ரொம்ப ஜேம்" என்றாள். கமலநாதனுக்குக் கூசியது. கிடைத்தது ஒரே ஒரு பயணம், அதையும் இப்படிக் குட்டிச்சுவர் ஆக்கியாயிற்று.

"இங்க வந்து உக்காருங்கப்பா. எட்டிப் பாத்தா லோரி சீக்கிரம் வந்துடுமா?"

நிழலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவள் பீசாங் கோரெங் வாங்கி வந்தாள். எண்ணெயில் பொரித்த சூடான வாழைப்பழத்தை ஊதிக்கொண்டே, "இப்ப சொல்லுங்க. எப்படி இவ்வளவு அழகா ரிப்பேர் பண்ணுனீங்க?" என்றாள்.

சொன்னார். குப்பை லோரியை, உளுந்த வடையை, தம்புசாமியை. அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்த உற்சாகத்தில் வீடியோக்காரருக்குப் பதில் சொன்னதையும் உளறிவிட்டார்.

அவள் சிரிப்பு நின்றது.

"நான் வாஷிங் மெஷின்கிட்டப் பேசுவேன்பா" என்றாள். "அவரு சுரங்கத்துக்கு வேலைக்குப் போனா வாரக்கணக்குல வரமாட்டாரு. அது வேலை முடிஞ்சதும் ஒரு பாட்டுப் போடும். 'தோ வரேன்'னு சொல்லிட்டுத்தான் எந்திரிப்பேன்."

"பதில் சொல்லுமா?"

"உங்க ஆளு மாதிரி பாராட்டாது."

அதற்குப் பிறகு அம்மாவைப் பற்றிப் பேசினார்கள். அம்மா புளிக்குழம்புக்கு எதைக் கடைசியில் போடுவாள் என்று சண்டை போட்டார்கள். நிழல் நகர நகர பெஞ்சில் அவர்களும் நகர்ந்தார்கள். ஆனால் சம்பந்தியம்மாவின் போன் மறுபடி அடித்தபோது கமலநாதனுக்கு மனம் சுருங்கிப்போனது.

"என்னால உனக்கு ஒரு நாளே வீணாப்போச்சும்மா."

அவள் போனை எடுத்து ஏதோ தட்டினாள்.

சற்று நேரத்தில், வெயில் சாய்ந்த நேரம், இழுவை லோரி வந்து நின்றது. ஜெயராஜ் என்று சட்டையில் பெயர் தைத்திருந்த ஓட்டுநர் சாவகாசமாக இறங்கினார். கமலநாதன் அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அவர்மேல் கொட்டினார்.

"ஏன் தம்பி, மனுஷனுக்கு மனுஷன் ஒரு இரக்கம் வேணாமா? பொண்ணு வெளிநாட்டுலேர்ந்து வந்திருக்கா. இப்படியா காக்க வைப்பீங்க?"

ஜெயராஜ் திருதிருவென்று விழித்தார்.

"என்னை ஏன் அங்கிள் திட்டுறீங்க? மத்தியானத்துலேர்ந்து எதிர்ல மாமாக் சாப்பாட்டுக் கடையிலதான் உக்காந்திருக்கேன். நான் சொல்ற வரைக்கும் இந்தப் பக்கமே வந்துடாதீங்கன்னு இந்த அக்காதான் கெஞ்சிக் கேட்டுக்கிட்டாங்க!"