இந்த வருஷம் நாம் எதையும் எதிர்பார்க்கவில்லை

வில்லோ ஃபோர்க், நெப்ராஸ்கா
ஏப்ரல் 22

அன்புள்ள மைத்துனர் மைலோ அவர்களுக்கு,

வெர்னன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் தங்கள் அக்கா ஐரீனும் சுகம், என் இடது முழங்கால் நீங்கலாக. தாங்களும் அரிசோனா வெயிலில் வதங்காமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் தாங்கள், "மச்சான், இந்த சீசனுக்கு நான் வர்ல. நம்ம காலேஜ் டீம்ல அடிச்சு ஆடுற பதினோரு பேர்ல ஒன்பது பேர் போன வருஷம் ஸ்கூல்ல இருந்தவனுங்க. அந்தக் கூத்தைப் பாக்க நான் பிளேன் ஏறணுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டீர்கள். முப்பத்துநான்கு வருஷமாக நாம் இருபத்தேழாம் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து நம் அமெரிக்க ஃபுட்பால் பார்க்கிறோம். இரண்டு இருக்கைக்கும் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்க ஒரே படிவம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு கையெழுத்தும் போய்ச் சேராவிட்டால் இரண்டு இருக்கையும் வேறு யாருக்கோ போய்விடும்.

நான் ஆசையை வளர்த்துக்கொண்டு பேசுவதாக நினைக்க வேண்டாம். ஊர்தான் வளர்த்துக்கொண்டு திரிகிறது. முடிவெட்டும் லூமிர் கடை வாசலில் 'பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு' என்று எழுதி மாட்டியிருக்கிறான். நம் பாதிரியார் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் ஆரம்பித்து, பந்தெறிய வந்திருக்கும் புதுப் பையனின் தோள் வலுவில் கொண்டுபோய் முடித்தார். நிதானமாக இருப்பது நான் ஒருத்தன்தான். பன்னிரண்டு ஆட்டத்தில் மூன்று ஜெயித்தால் போதும். இரண்டு என்றாலும் முகம் சுளிக்க மாட்டேன்.

போன சனிக்கிழமை வசந்தகால ஆட்டம். உனக்குத் தெரியாததில்லை, நம் பையன்களே இரண்டாகப் பிரிந்து, அடித்து ஆடுபவர்கள் ஒரு பக்கம், தடுப்பவர்கள் மறுபக்கம் என்று மோதுவார்கள். பந்தை எறிய வேண்டிய குவார்ட்டர்பேக் கோல்பி என்ற பண்ணைக்காரர் மகன், முதல் தடவையே, பந்து கொடுக்க வேண்டியவன் பின்னால் நிற்காமல் பக்கத்தில் இருந்தவன் பின்னால் போய்க் குனிந்து கையை நீட்ட, அவன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்க, பந்து ஆளில்லாத இடத்துக்கு உருண்டது. அடுத்து எறிந்தது பேண்டு வாத்தியக்காரனின் பெரிய குழலுக்குள் போய்ச் சிக்கியது, அவன் ஊதியும் வரவில்லை. மூன்றாவது பந்து அறுபது கெஜம் பறந்தது மைலோ, ஓடிக்கொண்டிருந்தவன் கையில் போய் உட்கார்ந்தது, டச்டவுன்! நான் என்னை மறந்து துள்ளினேன், கையில் இருந்த சில்லிக் குழம்பு மொத்தமும் முன்வரிசை வில்மாவின் வெள்ளைக் கோட்டில்.

"யோவ் வெர்னன், எதுக்குய்யா குதிக்கிற? அடிச்சது நம்ம பசங்கன்னா அடி வாங்குனது யாரு? செப்டம்பர்ல இவனுங்கதானய்யா தடுக்கணும்!" என்று கத்தினாள் வில்மா.

கோல்பி எறிந்த அடுத்த பந்தை, தடுக்கும் பக்கத்துப் பையன் ஒருவன் நடுவில் புகுந்து பறித்தான். சரி, இப்பவாவது சரியாச் செய்வோம்னு கைதட்டினேன். "நம்ம குவார்ட்டர்பேக் சொதப்புனதுக்குக் கை தட்டுறியே, நீயெல்லாம் ஒரு ஊர்க்காரனா?"ன்னு மறுபடியும் வில்மா.

இதை உன்கிட்ட சொல்லலாம்னு வலது பக்கம் திரும்புறேன், உன் இடத்துல யாரோ ஒரு ஆள். "சார், இதுல நம்ம டீம் எது?"ன்னு கேக்குறான். முப்பத்துநாலு வருஷத்துல அன்னிக்கு ஒரு நாள்தான் அந்தக் கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்ல. இடைவேளையில எழுந்து போயிட்டான்.

எனக்கு ரொம்ப வருத்தமாப் போச்சுடா. நாப்பது புள்ளி வித்தியாசத்துல தோத்த அன்னிக்கெல்லாம் நாம ரெண்டு பேரும் மழையில உக்காந்து, சில்லியையும் இலவங்கப்பட்டை ரோலையும் தின்னுக்கிட்டே கோச்சைத் திட்டித் தீத்தோமே. ஜெயிச்சா பக்கத்துல யார் இருந்தாலும் கட்டிப் புடிச்சுக்கலாம். தோக்குறதுக்குத் தெரிஞ்ச ஆள் வேணும். அதனால எதையும் எதிர்பார்க்காம, சும்மா வந்து என் பக்கத்துல உக்காரு. படிவம் இத்துடன் இருக்கு. பேனாவும் வெச்சிருக்கேன்.

ஐரீன் மாடியறையில் உனக்குப் புது மெத்தை போட்டுவிட்டாள். ஆண்டவன் உன் மூட்டுகளையும் கோல்பியின் தோளையும் ஒருசேரக் காக்கட்டும். பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
எதையும் எதிர்பார்க்காத உன் மச்சான்,
வெர்னன்

பி.கு.: புத்தாண்டுக்கு ஃபுளோரிடாவில் நடக்கிற கோப்பை ஆட்டத்துக்கு, வருஷம் முழுக்க ஜெயித்துத் தள்ளிய அணிகளைத்தான் கூப்பிடுவார்கள் என்று எனக்கும் தெரியும். அந்த அறுபது கெஜத்தைப் பார்த்த சாயங்காலமே அங்கே மைதானத்துக்கு எதிர் ஹோட்டலில் அறை போட்டுவிட்டேன். இனி ரத்து செய்ய முடியாதாம். ரெண்டு கட்டில். ஜன்னல் பக்கம் உனக்கு.