எட்டாத காது

சின்னராஜின் வலது கை உச்சந்தலையைத் தாண்டி வந்து, இடது காதுக்கு இரண்டு விரற்கடை முன்னால் நின்றுவிட்டது.

“காது எட்டல. இன்னும் அஞ்சு வயசு ஆகல. அடுத்த வருசம் கூட்டிட்டு வாங்க,” என்றார் தலைமை ஆசிரியர்.

பையனின் அப்பா கங்கப்பன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். பாகலூர்ப் பக்கம் யாருக்கும் தலை குனியாத குடும்பம்.

“திம்மப்பன் மவன் இவனுக்குப் பின்னால பொறந்தவன் ஐயா. அவனைச் சேத்துட்டீங்க. அவன் மேல் வகுப்புல உக்காந்தா, நான் எந்த மூஞ்சியோட சந்தைக்குப் போறது?”

“அவனுக்கு எட்டுச்சே!”

வாசலில் நின்ற திம்மப்பன் மீசைக்குள் சிரித்தார்.

முடிதான் இடைஞ்சல் என்று முடிவு செய்தார் கங்கப்பன். மறுநாள் பையனை மொட்டையடித்துக் கூட்டிவந்தார். குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு வளர்த்த முடி. அவர் மனைவி பாப்பம்மா அன்று அடுப்பே மூட்டவில்லை. அப்படியும் பையனுக்குக் காது எட்டவில்லை.

கை நீளட்டும் என்று புளியமரக் கிளையில் பையனைத் தொங்கவிட்டார். மூன்றாம் முறை பள்ளிக்கூடத்துக்குப் போனபோது கை உச்சந்தலையோடு நின்றது.

“என்னய்யா, வர வரக் குறையுது?” என்றார் ஆசிரியர். “இன்னிக்கோட சேர்க்கை முடியுது.”

“எங்க வம்சத்துக்கே தலை பெருசு ஐயா! எனக்கே எட்டாது!”

“அப்படியா? செஞ்சு காட்டுங்க. உங்களுக்கும் எட்டலைன்னா பையனைச் சேத்துக்கறேன்.”

“மொதல்ல தலைப்பாகைய எடுக்கச் சொல்லுங்க!” என்றார் திம்மப்பன்.

வெள்ளைக்காரக் கலெக்டர் முன்னால்கூட எடுக்காத தலைப்பாகை. கங்கப்பன் பையனைப் பார்த்தார். எடுத்து இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வழுக்கை வெயிலில் மின்னியது. வலது கையைத் தலைக்கு மேல் சுற்றினார்; முக்கினார்; முனகினார். விரல் காதுக்கு முன்னால் நின்றுவிட்டது.

வாசலில் கூடியிருந்த கூட்டம் கொல்லென்று சிரித்தது. சின்னராஜ் மட்டும் சிரிக்காமல் அப்பாவின் தோளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆசிரியர் அவன் பெயரை எழுதிக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பாப்பம்மா பிடித்துக்கொண்டாள். “ஊர் முன்னால மொட்டைத் தலையோட நின்னீங்களாமே! உங்களுக்கே காது எட்டலையாமே!”

“யாருக்குடி எட்டாது?” கங்கப்பன் தலைக்கு மேல் கையைச் சுற்றி இடது காதைப் பிடித்து இழுத்தே காட்டினார். “தோளைக் கொஞ்சம் எறக்கிட்டா விரல் காதுகிட்ட வராது. புள்ள படிக்கணும்னு மானத்தை விட்டு நடிச்சேன். ஒரு பய கண்டுபிடிக்கல!”

மூலையில் தம்பி சின்னராஜோடு களி தின்றுகொண்டிருந்த மூத்தவள் முனிலட்சுமி நிமிர்ந்தாள்.

“தம்பி கண்டுபிடிச்சுட்டான்பா. நீங்க தோளை எறக்கினது பளிச்சுனு தெரிஞ்சுதாம். அவன் மூணு தடவையும் யாருக்கும் தெரியாம எறக்கினானாம்!”