வலது கால் ஷூவும் ஒரே மச்சானும்

ஆபத்து என்று வந்துவிட்டால் மனிதன் தனக்கு ரொம்பப் பிரியமானதைத்தான் முதலில் காப்பாற்றுவான் என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் இந்த உலகத்தில் எனக்குப் பிரியமானது ஒரு பழுப்பு நிற ஷூ. (ரகசியமெல்லாம் இல்லை. என் மனைவி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள்.)

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் பிரிவில் இருக்கிறேன். சாம்பிளுக்கு ஜோடி கிடையாது, ஒற்றைக் கால்தான் தைப்போம். அந்தப் பழுப்பு நிற வலது காலை, ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையர் மூன்று முறை திருப்பி அனுப்பியிருந்தார். நான்காவதாகத் தைத்தது அன்று மதியத்துக்குள் சென்னையில் அவர் கைக்குப் போகாவிட்டால் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும். மனைவியின் ஒரே தம்பி பிரபு சின்ன விமானம் ஓட்டுகிறவன். இரண்டே சீட். அன்று காலை அந்த விமானத்தைச் சென்னைக்குக் கொண்டுபோகிற வேலை அவனுக்கு.

"வந்துடுங்க மாமா, ஒரு மணி நேரம்கூட ஆவாது."

மேனேஜரிடம், "ஃப்ளைட்ல போறேன் சார்" என்று சொன்னபோது எனக்கு இருந்த மிதப்பை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

ஆற்காடு தாண்டியதும் என்ஜின் இருமியது. பிறகு நின்றேவிட்டது. இடது பக்கம் காவேரிப்பாக்கம் ஏரி, நிறைய தண்ணீர். வலது பக்கம் பாலாறு, நிறைய மணல். தண்ணீர் வராத ஆறு என்று ஆயுசு முழுக்கத் திட்டியதற்கு அன்று மனசார மன்னிப்புக் கேட்டேன்.

"மாமா, பாலாத்துல எறக்கப் போறேன். ஷூ டப்பாவக் கீழ வச்சிட்டுத் தலையக் குனிஞ்சிக்கங்க."

"கீழ வச்சா முன்பக்கம் நசுங்கிடும்டா."

அவன் என்னைத் திட்டாமல் விமானத்தை வலது பக்கம் திருப்பினான். (அக்கா புருஷன் என்கிற மரியாதைதான்.)

மூன்று தரம் குதித்து, மணலில் மூக்கைக் குத்திக்கொண்டு விமானம் நின்றது. குப்பென்று பெட்ரோல் வாடை. கதவைத் தள்ளி, டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன் பாருங்கள், பள்ளிக்கூட நாளில்கூட அப்படி ஓடியதில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி என்னை நிறுத்தினாள்.

"இன்னாபா, உள்ள இன்னொருத்தர் கீறாரே, அவரு உங்க ஆளு இல்லியா?"

திரும்பிப் பார்த்தேன். பெல்ட் சிக்கிக்கொண்டு பிரபு உள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

டப்பாவை அவள் கையில் கொடுத்துவிட்டு (மணலில் வைக்க மனசு வரவில்லை) திரும்ப ஓடினேன். பெல்ட்டை இழுக்கிறேன், வரவில்லை, நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. ஒருவழியாகக் கழன்றது. கீறல்கூட இல்லாமல் இறங்கினான்.

"ஷூ பத்திரமா மாமா?"

அதே மணலில் உட்கார்ந்து இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆடுகள் சுற்றி நின்று பார்த்தன.

மனைவிக்கு போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டதும், "என் தம்பிக்கு ஒண்ணுமில்லியே?" என்று அலறினாள். மூளை இன்னும் டப்பாவோடு ஓடிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். "ஒரு சுருக்கம்கூட இல்ல, அப்படியே இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

வாடகைக் கார் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். ஆர்டர் வந்தது, சம்பளம்கூட உயர்ந்தது. ஆனால் இன்றுவரை கடைத்தெருவுக்குப் போனால் காய்கறிப் பை, அரிசி மூட்டை, குடை எல்லாம் மனைவிதான் தூக்கி வருகிறாள். நான் கையை வீசிக்கொண்டு பக்கத்தில் நடக்கிறேன். பார்க்கிறவர்கள் என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைக்கிறார்கள். கேட்டுப் பார்த்துவிட்டேன், ஒரு கொத்தமல்லிக் கட்டைக்கூடத் தரமாட்டேன் என்கிறாள்.

"உங்க கை காலியா இருந்தாத்தான் எங்க ஞாபகம் வரும்."