ஏழாவது விதி என்னுடையது

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. (நான்காம் வகுப்பை இரண்டு முறை படித்ததையும் சேர்த்தால் ஆறு வருடப் படிப்பு.) அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு ஏனாத்தூர் போகிற சாலையில் தகரக் கொட்டகை போட்டேன். கொட்டகையைக் கட்டடமாக்கினேன். ஒரு ஸ்கூட்டர் நின்ற இடத்தில் மூன்று கார்களை நிறுத்தினேன். காருக்கு அடியில் நின்று வேலை பார்க்க ஐந்தடி ஆழத்தில் குழி வெட்டினேன். கூலிக்கு ஆள் வைக்காமல் நானே கடப்பாரை பிடித்தேன். மகளைப் பட்டதாரியாக்கிக் கட்டிக்கொடுத்தேன். தணிகாசலம் பக்கத்தில் வந்து நின்றாலே நின்றுபோன என்ஜின் உறுமும் என்று ஊரில் சொல்வார்கள். (முதலில் சொன்னது நான்தான். பிறகு மற்றவர்களும் சொன்னார்கள்.)

இவ்வளவும் கட்டியவன், என் கையால் வெட்டிய அந்தக் குழியிலேயே, ஊர் பார்க்க, அதிகாரி பார்க்க, மல்லாக்க விழுந்தேன்.

அதற்கு முன்னால் அதிகாரிகளுக்கும் எங்களுக்கும் இருந்த உறவைச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் ஜீப் தெருமுனையில் திரும்பினால் சாலை முழுக்க ஷட்டர் இறங்கும். அவ்வளவுதான் உறவு. பிறகு ஒரு பட்டறையில் வெல்டிங் பொறி பட்டு ஒருவருக்குக் கண் போனது. எல்லோரும் பயந்துபோயிருந்த நேரத்தில், தொழிலிடப் பாதுகாப்பைப் பார்க்கிற ஒரு புது அதிகாரி அம்மா எங்கள் மெக்கானிக் சங்கத்துக்கே வந்து உட்கார்ந்தார்.

“என்னைப் பார்த்து ஓடாதீங்க. நானும் உங்களைத் துரத்தல. சேர்ந்து செய்வோம்” என்றார்.

ஆறு விதிகள் எழுதி வைத்திருந்தார். வெல்டிங்குக்குக் கண்ணாடி, தீயணைக்கும் சிலிண்டர், குழிக்குப் பலகை மூடி, குழியைச் சுற்றி மஞ்சள் கோடு என்று போயிற்று பட்டியல். ஒரு ஷெட்டை மாதிரியாகச் செய்து காட்ட வேண்டும். அது சரியாக இருந்தால் மற்ற எல்லோருக்கும் மூன்று மாத அவகாசம். சரியில்லை என்றால் மறுநாள் முதல் ஒவ்வொரு ஷெட்டாகச் சோதனை. குறை இருந்தால் பூட்டு.

“யாரோட ஷெட்?” என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் எழுந்து நின்றேன்.

சங்கத் தலைவர் கன்னியப்பன், டிங்கரிங் பட்டறைக்காரன், என் சட்டையைப் பிடித்து இழுத்தான். “இன்னா தணிகாசலம், அத்தினி பேரு சோறும் இதுல இருக்குது. ஒழுங்கா பண்ணுவியா?”

“கன்னியப்பா, குழி வெட்டுனவன் நானு. என்னாண்டயே கேக்கறியா?”

ஒழுங்காகத்தான் செய்தேன். மஞ்சள் கோட்டை நானே அடித்தேன். குழிக்குப் பலகைகள் வரிசையாகப் போட்டேன். ‘பாதுகாப்பே முதல் கடமை’ என்று பெரிய போர்டு எழுதி வாங்கினேன். போர்டு நிற்கவில்லை, காற்றடித்தால் சாய்ந்தது. முட்டுக் கொடுக்கப் பொருத்தமான பலகை ஒன்று வேண்டும். தேடினேன். குழி மூடியில் கடைசிப் பலகை அளவெடுத்த மாதிரி இருந்தது.

எடுத்தேன். எடுத்தவன் நான்தானே, எனக்குத் தெரியாதா? அந்த ஓரத்தில் ஒரு பூந்தொட்டி வைத்துவிட்டால் யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். (இதை யோசித்தபோது என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.)

அத்தோடு விட்டேனா? எங்கள் வீடு நெசவு வீடு. நெய்கிறவர் காலை விட்டு உட்காரத் தறிக்குக் கீழே தரையில் பள்ளம் இருக்கும். தறியில் பாவு நூல் ஏற்றாத நாளில் விருந்தாளி வந்தால் பள்ளத்தின் மேல் பலகை போட்டு ஜமக்காளம் விரித்துவிடுவோம். என் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் அதன் மேல் உட்கார்ந்துதான் கேசரி சாப்பிட்டார்கள். வந்தவர்களுக்குப் பள்ளத்தைக் காட்டுவது மரியாதை இல்லை. அதிகாரி அம்மா வருகிறார். ஜமக்காளம் கொண்டுவரச் சொன்னேன்.

“த பாருங்க, மஞ்சக் கோடு மறையுதே” என்றாள் என் மனைவி சரோஜா.

“கோடு எங்க போவப்போவுது? அடியில பத்திரமா இருக்குது. நீ விரி.”

பலகை இல்லாத இடமும் அடியில் பத்திரமாக இருந்தது.

மறுநாள் காலையில் ஷெட் நிறையக் கூட்டம். அதிகாரி அம்மா கண்ணாடியைப் பார்த்தார், சிலிண்டரைப் பார்த்தார், தலையசைத்தார். நான் பேசினேன். “முப்பது வருஷமா இந்த ஷெட்டுல ஒருத்தருக்கு ஒரு கீறல் விழுந்ததில்ல மேடம்!” கைதட்டினார்கள். அவகாசத்துக்கான ஒப்பந்தத் தாளை என் கையில் கொடுத்து போட்டோவுக்கு நிற்கச் சொன்னார்கள். நின்றேன். பூந்தொட்டிச் செடி என் முகத்தை மறைத்தது.

பூந்தொட்டியை நகர்த்தியவனும் நான்தான்.

“ஐயா, கொஞ்சம் பின்னாடி போங்க” என்றான் போட்டோகாரன். போனேன். “இன்னும் கொஞ்சம்.” போனேன். அதற்கப்புறம் அவன் சொல்லாமலேயே போனேன்.

விழும்போது ஜமக்காளமும் கூடவே வந்து என்னைப் பாதி போர்த்தியது. கீழே பழைய ஆயில் தட்டு. கணுக்கால் போன சத்தம் எனக்கே கேட்டது. முப்பது வருடம் கார்களின் அடிவயிற்றைப் பார்த்த இடத்திலிருந்து அன்று மனிதர்களின் முகவாய்க்கட்டைகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு ஷெட். நாளைக்கு ஒவ்வொன்றுக்கும் ஜீப் போகும், ஒவ்வொன்றாகப் பூட்டு விழும். கால் வலி அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மேலே வராமல் அங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது. மண்ணைத் தள்ளி மூடினாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

“யாரும் குதிக்காதீங்க! லைட் அடிங்க. ஐயா, கால அசைக்க முடியுதா?” அதிகாரி அம்மா குரல்.

“ஆறு விதியும் பண்ணியாச்சு மேடம்” என்றேன் உள்ளிருந்து.

என்னிடம் வேலை பார்க்கும் செல்லப்பன் எட்டிப் பார்த்தான். “அண்ணா, ஜமக்காளம் கிழிஞ்சிச்சான்னு அண்ணி கேக்கறாங்க.”

அதிகாரி அம்மா மேலே தொங்கிய ஜமக்காளத்தின் ஓரத்தைத் தூக்கினார். “கோடு போட்டிருக்கீங்க.”

“ஆமா மேடம்.”

“போட்டு மூடிட்டீங்க.”

“நீங்க வர்றீங்களேன்னு...”

“இங்க இருந்த பலகை எங்கே?”

குழிக்குள்ளிருந்து போர்டு எனக்குத் தெரியாதுதான். ஆனாலும் அத்தனை தலைகளும் எந்தப் பக்கம் திரும்பின என்று தெரியும். அந்தப் பக்கம் ‘பாதுகாப்பே முதல் கடமை’ அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

என்னை மேலே தூக்கிப் பெஞ்சில் கிடத்தினார்கள். ஆட்டோ வருவதற்குள் கன்னியப்பன் கும்பிட்டான். “மேடம், இவன் ஒருத்தன் பண்ணதுக்கு எல்லாரையும் தண்டிக்காதீங்க.”

அவர் என்னைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். “உங்க சங்கத்துல இருக்கறதுலயே நல்ல ஷெட் இதுதானா?”

கன்னியப்பன் தலையைச் சொறிந்தான். வாழ்நாளில் முதல்முறையாக ஒப்புக்கொண்டான். “ஆமாங்க.”

“அப்போ மத்தவங்களுக்கு மூணு மாசம் பத்தாது. ஆறு மாசம் எடுத்துக்குங்க. வாரத்துக்கு ஒருநாள் நானே வந்து சொல்லித் தர்றேன். இந்தக் குழிக்கு மட்டும் இன்னிக்கே பூட்டு.”

எல்லோருக்கும் ஆறு மாதம். எனக்குப் பூட்டு. ‘மாதிரி ஷெட்’ என்கிற போர்டு கன்னியப்பன் பட்டறைக்குப் போனது. (அவனிடம் குழியே கிடையாது!) நான் மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்த நாளெல்லாம் என் வாடிக்கையாளர்கள் வேறு ஷெட்களில் கார் விட்டார்கள்.

இன்றைக்கும் என் மருமகன் வீட்டுக்கு வந்தால், சரோஜா விரிக்கிற பாயை ஒரு காலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார். “மாமா, அடியில தரை இருக்குதில்ல?” என்று கேட்காமல் ஒரு வாய் காபி குடித்ததில்லை. சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் ஒன்று. இப்போது எல்லா ஷெட்டிலும் விதிகள் அச்சடித்து மாட்டியிருக்கிறார்கள். ஆறு இல்லை, ஏழு. ஏழாவது: ‘குழி மூடியின் மேல் விரிப்பு எதுவும் போடக்கூடாது. மூடிப் பலகையை வேறு வேலைக்கு எடுக்கக்கூடாது.’ படித்த அதிகாரிக்கும் தோன்றாத விதி அது. அதற்குப் பிறகு எங்கள் சங்கத்தில் ஒருவரும் குழியில் விழவில்லை. கீழே அதிகாரி பெயர் இருக்கிறது, கன்னியப்பன் பெயர் இருக்கிறது.

மூன்று மாதத்தை ஆறு மாதமாக்கிக் கொடுத்தவன் யார்? கணுக்காலைக் கொடுத்தவன் யார்? அடுத்த முறை அச்சடிக்கும்போது ஏழாவது விதிக்குப் பக்கத்தில், சின்ன எழுத்தானாலும் பரவாயில்லை, ‘தணிகாசலம் விழுந்து கண்டுபிடித்தது’ என்று போட வேண்டும். சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். பதில் வரவில்லை. போடும்வரை கேட்பேன்.